ஹெக்டருக்கு வாய்த்த புது மாமியார்

"தங்கச்சி இல்லாம உனக்கு என்ன கொறஞ்சு போச்சு சின்னம்மா? எம்புருஷன் காதைப் போய்ப் பாரு. நீலம் பாரிச்சுக் கெடக்கு."

"அந்தாளு காதுக்கும் எனக்கும் என்னடி சம்பந்தம்?"

"உன் தங்கச்சிதான் சம்பந்தம். கடையில கறிக்குக் கங்காரு வாலு எடுக்கக் குனிஞ்சிருக்காரு மனுஷன். அவ பின்னாடி வந்து நின்னுக்கிட்டு, 'வணக்கம் ஹெக்டர், தாங்கள் நலமா'ங்கிறா. ஓட வழியில்ல. அப்படியே ஐஸ் பெட்டிக்குள்ள தலையை விட்டுட்டாரு."

"அவ போனப்புறம் எடுத்திருக்கலாமில்ல?"

"எங்க போனா? அங்கயே நின்னு பிஸ்கட் பாக்கெட்டுல என்னென்ன கலந்திருக்குன்னு படிச்சுக்கிட்டு இருந்திருக்கா. அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் இவரு ஒறஞ்ச வாலோட வாலா கெடந்தாரு. பாலைவனத்துல ஒருத்தருக்கு எப்படிம்மா பனிக்கடி வந்துச்சுன்னு நர்ஸு கேக்குறா. நான் என்னத்த சொல்லட்டும்?"

நோரீன் இப்படிக் கத்திக்கொண்டிருந்தது, ஊரின் பேச்சையும் பழங்கதைகளையும் பதிவுசெய்து வைக்கும் மொழி நிலையத்தின் வாசலில். நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மாட்டுப் பண்ணை இருந்த காலத்தில் அது கறி வெட்டும் கொட்டகை. கொக்கிகள் இன்னும் கூரையில் இருக்கின்றன. மாட்டுத்தொடை தொங்கிய இடத்தில் இப்போது ஹெட்போன் தொங்குகிறது. எதிரே ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மருந்துக்குக் காத்திருந்தவர்கள் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் நடுவில் இருக்கும் எட்டாங்கிணறு என்ற அந்த ஊரில் அன்றைக்கு அதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது.

நிலையத்தின் தலைவி லோர்னா. நோரீன் அவளுடைய அக்கா மகள், ஆகவே மகள்தான். நோரீனின் புருஷன் ஹெக்டர், லோர்னாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். வயதா முக்கியம்? அவருக்கு அவள் மாமியார். மாமியாரும் மருமகனும் பார்த்துக்கொள்ளக் கூடாது, பேசிக்கொள்ளக் கூடாது, அவள் வருகிறாள் என்று தெரிந்தால் இவர் புதரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வெறுப்பு ஒன்றும் இல்லை, மரியாதைதான். மற்ற ஊர்களில் மாமியாரோடு பேசிப் பேசியே ஆயுசு தேய்ந்துபோகிறவர்களைப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

லோர்னாவும் ஹெக்டரும் இருபத்தைந்து வருஷமாக இந்த மரியாதையை அழகாகக் காப்பாற்றி வந்தார்கள். கெட்டது எல்லாம் டொயோட்டாவால்தான்.

மெல்பர்னிலிருந்து மொழி படிக்கும் பெண் பிரேயா வந்து இறங்கியது ஒரு வெள்ளை டொயோட்டாவில். ஏ.சி. இருந்தது, ஏறக்குறைய எல்லாக் கண்ணாடியும் இருந்தது. வெளியாள் யாராவது தங்க வந்தால் அவருக்கு ஓர் உறவு கொடுத்தாக வேண்டும்; இல்லாவிட்டால் அவரை என்னவென்று கூப்பிடுவது, பக்கத்தில் யார் உட்காருவது என்றே தெரியாது. பெரியவர்கள் கூடி, தேநீர் குடித்து, நாலைந்து நாள் யோசித்துத்தான் அதைச் சொல்வார்கள். லோர்னா அவ்வளவு பொறுக்கவில்லை. எஞ்சின் சூடு ஆறுவதற்குள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, ஊரைப் பார்த்துச் சொன்னாள்: "இவ என் தங்கச்சி."

தங்கச்சி வண்டி அக்கா வண்டி. அன்றைக்குச் சாயங்காலமே அது விறகுக்குப் போனது, உடும்புக்குப் போனது, பக்கத்து ஊரில் யாரோ விட்டுவிட்டு வந்த செருப்புக்கும் போனது.

சந்தோஷத்தில் லோர்னா ஒன்றை மறந்துவிட்டாள். மாமியாரின் தங்கையும் மாமியார்தான். இதில் பெரிய கூத்து என்னவென்றால், பிரேயாவை ஊருக்கு வரவழைத்ததே லோர்னாதான், அதுவும் ஹெக்டரின் எதிரில் உட்கார்ந்து கதையைப் பதிவுசெய்யத் தன்னால் முடியாது என்பதற்காக. இரண்டு வருஷமாகப் பல்கலைக்கழகத்துக்கு போன்மேல் போன் போட்டு ஆளைத் தருவித்து, வந்த அரைமணி நேரத்தில் அவளையும் தன்னைப்போலவே அந்த ஆளிடம் வாய் திறக்க முடியாதவளாக்கி வைத்தாள். ஊர் இதை உடனே கவனித்தது. ஆனால் யாரும் சொல்லவில்லை. எவ்வளவு நாளில் அவளுக்கே புரிகிறது என்று பார்க்கத்தான்.

ஐஸ் பெட்டியில் புரிந்தது.

ஹெக்டரிடமிருந்து லோர்னாவுக்கு வேண்டியது ஒரே ஒரு கதை. ஆதிகாலத்தில் நொண்டிக் கானமயில், தரையில் நடந்தே திரியும் அந்தப் பெரிய பறவை, வடக்கேயிருந்து நடந்து வந்த கதை. நடந்து களைத்த இடத்திலெல்லாம் அது உட்கார்ந்து மண்ணைக் கீறியது, கீறின இடத்தில் தண்ணீர் வந்தது, ஒவ்வொரு தண்ணீரும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். உப்பு ஏரி வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு அப்பால் கடைசியாக உட்கார்ந்த இடம்தான் லோர்னாவின் அப்பாவுடைய தண்ணீர். அவர் அவளுக்கு விவரம் தெரியும் முன்பே பண்ணை வேலையில் செத்துப்போனார். அவரோடு அந்தப் பக்கம் நடந்து பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது ஹெக்டர் மட்டும். பெரிய கூட்டங்களில் ஒவ்வொரு குடும்பமும் எழுந்து தன் தண்ணீரின் பெயரைச் சொல்லும். லோர்னாவின் முறை வந்தால் உதட்டைக் குவித்துத் தெற்கே காட்டுவாள். அவ்வளவுதான். அவள் பிள்ளைகளும் அதையே பழகி, வரிசையாக உதட்டைக் குவிப்பார்கள். "லோர்னா வீட்டுத் தண்ணி எங்க? அங்க. அங்கன்னா எங்க? அங்கதான்" என்று லோர்னாவின் பரம வைரி தெல்மா நடித்துக் காட்டினால் பல் போன கிழவர்கள்கூடச் சிரிப்பார்கள்.

இப்போது ஹெக்டருக்குச் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் இயந்திரத்தோடு கட்டிப்போட்டு இரத்தம் கழுவ வேண்டும், இனி அங்கேயே இருப்பு. வெள்ளிக்கிழமை விமானம் வருகிறது. வாசலில் இந்தச் சண்டை நடந்தது செவ்வாய்க்கிழமை.

"நீயே கேட்டுச் சொல்லேண்டி," என்றாள் லோர்னா, குரலை இறக்கி. "உன் புருஷன்தானே."

"இருபது வருஷமா சொல்றாரு சின்னம்மா. மூணாவது தண்ணிக்கு வர்றதுக்குள்ள நான் தூங்கிடறேன். அவரு கொரல் அப்படி."

"கதை பிடிக்கிற மிஷினை மட்டும் முன்னாடி வெச்சா?"

"போன மாசம் வெச்சுப் பாத்தோமே. அது 'ம்' கொட்டலன்னு நிறுத்திட்டாரு. பொணத்துக்கிட்டயா கதை சொல்றதுன்னாரு."

மற்றவர்களிடம் கேட்கலாம் என்றால், ஊரில் பாதிப் பேருக்கு அவரிடம் அந்தக் கதையைக் கேட்கும் முறை இல்லை. மீதிப் பாதிக்குக் கால்பந்து இருந்தது. முறையும் நேரமும் சேர்ந்து இருந்தது தெல்மாவுக்கு மட்டும். ஹெக்டரின் அண்ணன் மகள் அவள். தெல்மாவிடம் போய்க் கேட்பதைவிட உப்பு ஏரியைக் குடித்துவிடலாம் என்பது லோர்னாவின் கருத்து.

யோசித்துக்கொண்டே இருந்தவள் காலடியில் பார்த்தாள். அங்கே சார்ஜென்ட் படுத்திருந்தது. சார்ஜென்ட் லோர்னாவின் நாய், பெண் நாய். பெயர் வைத்தபோது யாரும் குனிந்து பார்க்கவில்லை. இங்கே நாய்க்கும் உறவுமுறை உண்டு. லோர்னா வளர்த்ததால் அது லோர்னாவின் மகள்.

"நோரீன்," என்றாள், "இவ உனக்குத் தங்கச்சி. அப்ப உன் புருஷனுக்கு மச்சினி. மச்சினிகிட்டப் பேசலாமில்ல?"

நோரீன் நாயைப் பார்த்தாள். சின்னம்மாவைப் பார்த்தாள். "பேசலாம்," என்றாள். வேறு என்ன சொல்வது, முறைப்படி சரிதானே.

புதன்கிழமை காலையில் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப்புறம் பதிவுக் கருவியோடு பிரேயாவை ஒரு பெட்டிமேல் உட்கார வைத்தார்கள். இந்தப்புறம் நிழலில் ஹெக்டர், எதிரில் சார்ஜென்ட், நடுவில் ஒலிவாங்கி. லோர்னா நிலையத்துக்குள் இருந்துகொண்டு ஜன்னலில் கோணிப்பையைத் தொங்கவிட்டாள். மரியாதைக்குத்தான். கோணியில் ஓட்டை இருந்ததற்கு அவள் பொறுப்பில்லை.

"மச்சினி, நல்லாக் கேளு," என்று ஆரம்பித்தார் ஹெக்டர். "நடுவுல எந்திரிக்கக் கூடாது. எங்கப்பன் எனக்குச் சொல்றப்போ நான் எந்திரிச்சா வெறகுக் கட்டையால போடுவாரு."

சார்ஜென்டுக்கு வெயில் தாங்கவில்லை. மூச்சை இழுத்து "ம்" என்று முனகியது. ஹெக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, உங்கக்காவைவிட நீ தேவல. அவ இந்நேரம் கொறட்டை விட்டிருப்பா." முதல் தண்ணீர் வந்தது, இரண்டாவது வந்தது, இரண்டுக்கும் நடுவில் கானமயில் முள் குத்திக்கொண்ட இடமும் வந்தது, நாய் பொருத்தமான இடங்களில் முனகிக்கொண்டே இருந்தது. ஊரே வேலியோரத்தில் சத்தமில்லாமல் நின்று கேட்டது. ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த லோர்னாவின் கை கோணியை இறுகப் பிடித்திருந்தது.

பிரேயாவின் பையில் பிஸ்கட் இருந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை.

நாய் எழுந்தது. மூக்கைத் தூக்கியது. தொட்டியைச் சுற்றிக்கொண்டு நடந்தது.

"ஏய் மச்சினி, எங்கடி போறே? கானமயிலு இன்னும் உப்பு ஏரிக்கே வரலடி," என்று ஹெக்டரும் எழுந்து பின்னாலேயே கதையைச் சொல்லிக்கொண்டு போனார். தொட்டிக்கு அந்தப்புறம் திரும்பினால் எதிரே மாமியார், வயது இருபத்தெட்டு, கையில் பிஸ்கட். மரியாதை தெரிந்த பெண் அல்லவா, எழுந்து நின்று, "மன்னியுங்கள் ஹெக்டர், நான் இங்கு இல்லை என்று கொள்ளுங்கள்," என்றாள். அவள் மொழி பேசினால் இலக்கணம் அப்பழுக்கில்லாமல் இருக்கும். அதனாலேயே சட்டென்று யாருக்கும் புரியாது. ஹெக்டருக்குப் புரிய வேண்டியதும் இல்லை. பக்கத்துக் கொடியில் காய்ந்த பெட்ஷீட்டுக்குள் பாய்ந்தார், அதைத் தலையோடு போர்த்திக்கொண்டார், அப்படியே வீட்டைப் பார்த்து நடந்தார். வழியில் ஒரு வேலியையும் போலீஸ்காரரையும் முட்டினார் என்கிறார்கள். போலீஸ்காரரை முட்டியது மட்டும் உறுதி.

பெட்ஷீட் தெல்மாவுடையது.

"என்ன பாட்டி," என்று நிலையத்துக்குள் வந்தாள் தெல்மா. லோர்னாவுக்கும் அவளுக்கும் ஒரே வயது. ஆனால் முறையில் ஹெக்டர் தெல்மாவுக்கு அப்பா என்றால் லோர்னா பாட்டி. தெல்மா அந்த உரிமையை ஒரு நாளும் வீணாக்கியதில்லை. "உங்க மருமகன் என் பெட்ஷீட்டைப் போத்திக்கிட்டுப் பேய் மாதிரி போறாரு. நாயை வெச்சுக் கதை எடுக்கறீங்களாமே?"

"உன் பெட்ஷீட்டைத் தொவச்சுத் தர்றேன். போ."

"தொவைக்க வேணாம். அந்தப் புள்ளையை எனக்குக் குடு."

"எந்தப் புள்ளையை?"

"தெரியாத மாதிரி கேக்காத பாட்டி. அவ எனக்கு மகளானா எங்கப்பாவுக்குப் பேத்தி. தாத்தனும் பேத்தியும் என்ன வேணா பேசலாம். மத்தியானத்துக்குள்ள கதை முடிஞ்சிடும்."

"அப்ப வண்டி?"

"மக வண்டி அம்மா வண்டிதானே," என்றாள் தெல்மா, இதையெல்லாம் இன்னும் விளக்க வேண்டுமா என்கிற முகத்தோடு.

லோர்னா அவளை வெளியே போகச் சொன்னாள். பிறகு டொயோட்டாவில் ஏறி, ஏ.சி.யைப் போட்டு, எங்கேயும் போகாமல் உட்கார்ந்திருந்தாள். பிரேயா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, எங்கே போவது என்று கேட்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் பக்கத்தில் இருந்தாள். தெல்மா கேட்டதை வேறு யார் கேட்டிருந்தாலும் கொடுத்திருக்கலாம். தெல்மாவின் மகள் என்று ஊரே சொல்லும், தெல்மா முன்சீட்டில் உட்கார்ந்து கையை வெளியே நீட்டிக்கொண்டு போவாள், இவள் நடப்பாள்.

கண்ணாடி வழியாக ஹெக்டரின் வீடு தெரிந்தது. அவர் வாசலில் நின்று சாமான்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார். நாற்காலியை மெக்கானிக் எல்வினிடம் கொடுத்தார். கோடாலியை இன்னொருவரிடம். பூட்ஸை எடுத்துப் பார்த்துவிட்டு, யாருக்கு அளவு சரியாக இருக்கும் என்று கூட்டத்தின் கால்களைப் பார்த்தார். ஊர் திரும்புகிறவன் பூட்ஸைக் கொடுக்க மாட்டான். லோர்னா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமியார் பார்க்கக் கூடாது அல்லவா. ஆனால் இந்தத் தடவை திருப்பியது அதற்காக மட்டும் இல்லை என்று ஊர் நினைக்கிறது.

"வண்டியை நிறுத்து," என்றாள்.

"அக்கா, வண்டி நிற்கத்தான் செய்கிறது," என்றாள் பிரேயா.

வியாழக்கிழமை கொட்டகை நிழலில் ஊர் கூடியது. லோர்னா எழுந்தாள். "பெரியவங்களைக் கேக்காம சொல்லிட்டேன். அவ என் தங்கச்சி இல்ல. தெல்மா மக." இதைச் சொல்லும்போது அவள் பார்த்தது தெல்மாவை அல்ல, தரையை. ஒரு தடவை மாமியாரானவள் திரும்ப எப்படிப் பேத்தியாவாள் என்று எல்வின் சட்டம் பேசினார். பெரியவர்கள் கேட்காமல் கொடுத்த உறவு ஒட்டாத உறவு, கழற்றி மாட்டலாம் என்று கிழவிகள் தீர்ப்புச் சொன்னார்கள்.

பிரேயா கையைத் தூக்கினாள். "இதில் என் கருத்தைக் கூற எனக்கு உரிமை உண்டா?"

"இல்ல," என்றது ஊர், ஒரே குரலில், அன்பாக.

கொடுத்து முடித்த பிறகுதான் ஒரு கிழவி விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். இங்கே உறவு சக்கரம் மாதிரி சுற்றும். பேத்தியின் மகள் திரும்பவும் அம்மா வரிசைக்கு வந்துவிடுவாள். தெல்மா லோர்னாவுக்குப் பேத்தி. தெல்மாவின் மகள் லோர்னாவுக்கு அம்மா. நேற்று வரை தங்கச்சியாக இருந்தவளை இனிமேல் அம்மா என்று கூப்பிட வேண்டும் என்றதும் லோர்னா தரையிலிருந்து பார்வையை எடுத்தாள். "என்னமோ பண்ணுங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் விமான ஓடுபாதையோரம், ஒற்றை மல்கா மரத்தடியில் ஹெக்டர் உட்கார்ந்தார். எதிரில் பேத்தி. அவர் முதல்முறையாக அவள் முகத்தை நன்றாகப் பார்த்தார். நாள் கணக்காக அடக்கி வைத்தது எல்லாம் அப்போது வந்தது. பேத்தியைக் கேலி செய்யாத தாத்தா என்ன தாத்தா.

"இதென்ன மூக்கா, இல்ல வழிகாட்டிப் பலகையா? இதைப் பாத்துதானா நான் ஐஸ் பெட்டிக்குள்ள போனேன்? கானமயிலு மூணாவது தண்ணிக்கு வந்துச்சு, 'ம்' கொட்டு. நீ 'ம்' கொட்டறதே பரீட்சை எழுதற மாதிரி இருக்கு. உன்னை எவன் கட்டுவான்? நாலாவது தண்ணி, அங்க கானமயிலு சறுக்கி விழுந்துச்சு..."

விமானி இறங்கி வந்து நேரமாகிறது என்றார். உட்கார் என்றார் ஹெக்டர். விமானி உட்கார்ந்து, கடைசிவரை 'ம்' கொட்டினார். நோரீன் மூட்டைமேல் சாய்ந்து தூங்கிப்போனாள். ஓடுபாதையின் மறுகோடியில் லோர்னா முதுகைக் காட்டி நின்றாள். கதை முடிந்தது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்றால், எஞ்சின் சத்தம் கேட்டதால்தான்.

நிலையத்தில் பிரேயா ஹெட்போனைக் கொக்கியிலிருந்து எடுத்து நீட்டினாள். லோர்னா கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"அது அவரு கொரலு."

"ஆனால் அவர் இங்கு இல்லையே."

"கொரலு இருக்கில்ல."

இது ஒரு நியாயமான சந்தேகம். மருமகன் நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் ஆகாயத்தில் இருக்கிறார். குரல் பெட்டிக்குள் இருக்கிறது. எல்வின் கேட்கலாம் என்றார், கிழவிகள் கூடாது என்றார்கள். கடைசியில் லோர்னாவே சொன்னாள். "நீ கேட்டு உன் வாயால எனக்குச் சொல்லும்மா."

அந்த அம்மா என்ற சொல் கடைசியில்தான் வந்தது என்றாலும் வந்துவிட்டது.

பிரேயா மனசாட்சியுள்ள பெண். கேட்ட கதையில் ஒரு வார்த்தையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று படித்தவள். எது கதை, எது கேலி என்று பிரிக்க அவளுக்குத் தெரியவில்லை; அதனால் எல்லாவற்றையும் சொன்னாள். "கானமயில் உப்பு ஏரியைக் கடந்தது. உன்னை எவன் கட்டுவான். அங்கிருந்து சூரியன் மறையும் பக்கம் நடந்தது. உன் மூக்கைப் போலவே நீண்டு நுனியில் வளைந்த ஒரு சிவப்பு மணல்மேடு. அந்த மேட்டின் மூக்குத்துளை இருக்கவேண்டிய இடத்தில் கானமயில் கடைசியாக உட்கார்ந்தது. அதற்குமேல் நடக்க முடியவில்லை. கீறவும் பலமில்லை. அங்கே வந்த ஒரு மனிதன் தன் கையால் அதற்காகத் தோண்டினான். தண்ணீர் வந்தது. இது உன்னுடையது என்று அதன் பெயரையும் சொன்னது கானமயில்." பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்த மனிதன் உங்கள் தந்தையின் தந்தை என்று ஹெக்டர் கூறினார். அழாதே பேத்தி, மூக்கு இன்னும் பெரிதாகும் என்றும் கூறினார்," என்றாள்.

லோர்னா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானை இல்லாத சட்டையின் தோளில் கண்ணைத் துடைத்தாள். "இன்னொரு தடவை சொல்லும்மா," என்றாள்.

மறுவாரம் அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெற்கே போனாள். வண்டியைத் தெல்மா ஓட்டினாள், போகும் வழியெல்லாம் குறை சொன்னாள். மேடு அங்கே இருந்தது, நீண்டு, நுனியில் வளைந்து. லோர்னா யாரையும் தொடவிடாமல் தானே தோண்டினாள். முழங்கை ஆழத்துக்கு மேல் போன பிறகு மண் கறுத்தது, பிறகு கையில் ஒட்டியது, பிறகு தண்ணீர் கலங்கலாக ஊறி நின்றது. தெல்மா அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் உப்பா இருக்குமோ," என்றாள்.

இப்போது எட்டாங்கிணற்றுப் பள்ளியில் பிள்ளைகள் அந்தக் கதையைச் சொல்வார்கள். உப்பு ஏரி வரைக்கும் ஊர்ப் பேச்சில் சொல்வார்கள். ஏரியைத் தாண்டியதும் மெல்பர்ன் உச்சரிப்புக்கு மாறி, "உன்னை எவன் கட்டுவான்" என்பதையும் விடாமல் சொல்லி முடிப்பார்கள். அதுதான் சரியான முறை என்று வாதாட ஆள் வந்துவிட்டது. கூட்டத்தில் லோர்னாவின் முறை வரும்போது அவள் பிள்ளைகள் எழுந்து பெயரைச் சொல்கிறார்கள். கடைக்குட்டிக்கு மட்டும் உதடு தானாகக் குவிந்துவிடுகிறது.

ஹெக்டர் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலேயே இருக்கிறார். இயந்திரத்தோடு படுத்தபடி நர்ஸுகளுக்குக் கதை சொல்கிறாராம். பக்கத்தில் நோரீன் தூங்குகிறாளாம். பிரேயாவை எவனும் கட்டமாட்டான் என்றது பொய்த்துப்போனது. 'ம்' கொட்டின விமானியைக் கல்யாணம் செய்துகொண்டு டார்வினுக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளைக்கும் ஓர் உறவுமுறை கொடுக்க வேண்டியிருந்ததால், அவர் இப்போது தெல்மாவின் மருமகன். அவர் சரக்கு இறக்க எட்டாங்கிணற்றுக்கு வரும்போதெல்லாம் தெல்மாவால் ஓடுபாதைப் பக்கமே தலைகாட்ட முடிவதில்லை. மெக்கானிக் எல்வின் மூன்றாவது முறையாகக் கல்யாணம் செய்திருக்கிறார், பெண் யார் என்று கேட்டால் பக்கத்து ஊர் என்கிறார்கள், அவ்வளவுதான் தெரிந்தது. லோர்னா ஊரை விட்டே போனாள். மணல்மேட்டடியில் தகரக் கொட்டகை போட்டு, பிள்ளைகளோடு அங்கேதான் குடியிருக்கிறாள்.